குச்சிக்கிழங்கு நம் ஊருக்கு வந்த கதை



பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கற்றுத்தரும் சில குடும்பங்கள், புது உணவு ஒன்றைச் சேர்ந்து சமைத்து ருசி பார்ப்பதையும் பாடமாக வைத்திருக்கின்றன. விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். நம் சேலம், நாமக்கல் வரலாறும் அப்படிப்பட்டதுதான்.

நாம் குச்சிக்கிழங்கு என்னும் மரவள்ளியின் தாயகம் தென் அமெரிக்கா. போர்த்துகீசியர் வழியாகக் கேரளக் கரைக்கு வந்தது. 1880 முதல் 1885 வரை ஆண்ட திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள், பஞ்சத்துக்கு உதவும் என்று அதைப் பயிரிடச் செய்தார். 1942இல் பர்மா அரிசி நின்றபோது அங்கே பல குடும்பங்களின் உயிரைக் காத்தது அதுவே.

அதே ஆண்டு சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது. அந்தப் பக்கமிருந்து வந்த ஜவ்வரிசியும் நின்றது. முதலில் சாகோப் பனையின் தண்டு மாவில் செய்த பண்டம் அது. 1943 வாக்கில் சேலம் வணிகர் மாணிக்கம் செட்டியார் முதலானோர் மரவள்ளி மாவில் அதைச் செய்து பார்த்தார்கள். அந்த முயற்சிதான் இன்று ஆத்தூர், ராசிபுரம் பக்கம் களங்களில் வெள்ளை வெளேரென்று காய்கிறது. 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் உருவானது. 2023இல் சேலம் ஜவ்வரிசி புவிசார் குறியீடு பெற்றது.

தெரியாத உணவைத் துணிந்து தின்றவர்களால்தான் நமக்குப் பிழைப்பு வந்தது. "இது எனக்குப் பிடிக்காது" என்று தட்டைத் தள்ளும் பேரப்பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். கிழங்கைப் பச்சையாகத் தின்னக் கூடாது, தோலுரித்து வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட வேண்டும் என்பதையும் சேர்த்தே கற்றுக்கொடுங்கள்.

உங்கள் வீட்டில் குச்சிக்கிழங்கில் என்ன செய்வீர்கள்? எழுதுங்கள்.