"இறாலுக்கு ஊசி கிடையாதா சார்?"

மங்கலம்பேட்டைக்கும் இறாலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். என்னிடம் படித்த ஒருவன் அம்மாவின் நகையை அடகு வைத்துப் பரங்கிப்பேட்டைப் பக்கம் கூட்டாக இறால் குட்டை போட்டான். 1995-இல் ஒருநாள் வாசலில் வந்து நின்றான். தலை ஓட்டில் வெள்ளைப் புள்ளி, ஒரு வாரத்தில் குட்டை முழுதும் போச்சு. "கோழிக்குப் போடுறாங்களே, இறாலுக்கு ஊசி கிடையாதா சார்?" விலங்கியல் நடத்திய எனக்குப் பதில் தெரியவில்லை.

கிழக்காசியாவில் 1992 வாக்கில் தலைகாட்டிய வெள்ளைப்புள்ளி வைரஸ் 1994-இல் நம் கரைக்கு வந்திருந்தது. பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். இறாலுக்கு முதுகெலும்பும் இல்லை, ஆன்டிபாடியும் இல்லை. கிருமியை விழுங்கும் ரத்த அணுக்கள் உண்டு. ஆனால் ஒருமுறை வந்த கிருமியை நம் உடம்பு போல நினைவில் வைத்துக்கொள்ளாது. ஊசியோ அந்த நினைவை நம்பித்தான் போடுவது. மீனுக்கு அது உண்டு. கொடுவாக் குஞ்சின் மூளையையும் கண்ணையும் அரிக்கும் நோடா வைரசுக்குச் சென்னை உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 2022-இல் தடுப்பூசியே வெளியிட்டது.

காந்தியவாதி ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. விளைநிலமும் குடிநீரும் உப்பாகின்றன என்பது வழக்கு, நியாயம்தான். ஆனால் இவன் குட்டையை அதற்கு முன்பே வைரஸ் மூடிவிட்டது.

இறாலுக்குக் கண்ட வழி வேறு: நோய்க்கிருமி இல்லாத தாய் இறால். 2009-இல் அப்படித்தான் வெனாமி வந்தது. தாய் இறாலைச் சென்னையில் தனியே வைத்துச் சோதித்த பிறகே பொரிப்பகத்துக்கு அனுப்புகிறார்கள்.

இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். நகை ஏலத்தில் போய் அதற்குள் பல வருஷம் ஆகியிருந்தது. இப்போது ஏரிக் குத்தகையில் கெண்டை வளர்க்கிறான்.