காண்டாமிருகமும் கால்விலங்கும்

தெருவோடு போன வரலாறு – 17

1515 மே 20. இந்தியாவிலிருந்து கிளம்பிய போர்ச்சுகீசியக் கப்பல் ஒன்று லிஸ்பன் துறைமுகத்தில் நங்கூரம் பாய்ச்சியது. வாசனைச் சரக்குகளோடு ஒரு காண்டாமிருகமும் இறங்கியது. குஜராத் சுல்தான் இரண்டாம் முசாஃபர் ஷா, கோவாவில் ஆட்சி செய்த அல்புகெர்க்குக்குக் கொடுத்த பரிசு அது. இதற்குத் தீனி போட்டுக் கட்டுப்படியாகாது என்று நினைத்தாரோ என்னவோ, அவர் அதைத் தம் மன்னர் மானுவெலுக்கு அனுப்பிவைத்துவிட்டார். ரோமானியர் காலத்துக்குப் பிறகு ஐரோப்பா உயிரோடு பார்த்த முதல் காண்டாமிருகம். பெயர் கண்டா. நம் காண்டாமிருகத்தில் இருக்கும் அதே காண்டாதான்.

லிஸ்பனின் கல் பாவிய தெருக்களைப் பற்றிப் பேச்செடுத்தால் இந்த மிருகம் கட்டாயம் குறுக்கே வரும். கதை இதுதான். மன்னரின் ஊர்வலத்தில் காண்டாமிருகம் நடக்கும். அவ்வளவு கனமான மிருகம் சேற்றில் கால் வைத்தால், கூட வரும் பிரபுக்களின் பட்டாடை என்ன ஆவது? ஆகவே தெருவுக்குக் கல் பாவச் சொன்னார் மன்னர்.

நல்ல கதை. தேதிதான் உதைக்கிறது. கல் பாவச் சொல்லும் மானுவெலின் ஆணைகள் 1498 ஆகஸ்ட் 20இலும் 1500 மே 8இலும் எழுதப்பட்டவை. கண்டா வந்து சேர அதற்குப் பிறகு 15 வருடங்கள் ஆயின. அதோடு அது லிஸ்பனில் நிலைக்கவும் இல்லை. போப்பாண்டவருக்குப் பரிசாக அனுப்பப்பட்டு, 1516 தொடக்கத்தில் இத்தாலியக் கரையருகே கப்பலோடு மூழ்கிப்போனது. ஆக, தெருவுக்குக் கல் வந்த கணக்கில் காண்டாமிருகத்துக்குப் பங்கில்லை.

மிளகுக்கு உண்டு. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையைத் தொட்டது 1498 மே 20. முதல் ஆணை எழுதப்பட்ட ஆகஸ்டில், போன கப்பல்கள் இருக்கின்றனவா மூழ்கினவா என்றே லிஸ்பனுக்குத் தெரியாது. இரண்டாவது ஆணையின்போது தெரியும். காமா திரும்பியாகிவிட்டது, அடுத்த கப்பற்படையும் புறப்பட்டுவிட்டது. கல் பாவிய தெருவின் பெயர் ருவா நோவா தோஸ் மெர்கதோரெஸ், அதாவது வணிகர்களின் புதுத்தெரு. வடக்கே போர்ட்டோ பக்கத்திலிருந்து கருங்கல் தருவித்தார்கள். இந்தியத் துணியும் சீனப் பீங்கானும் அடுத்தடுத்த கடைகளில் விற்ற தெரு அது. இங்கிலாந்தில் ஒரு பழைய மாளிகையில், இரண்டு துண்டாக வெட்டப்பட்ட ஓர் ஓவியம் தொங்கிக்கொண்டிருந்தது. எந்த ஊர்த் தெரு என்று தெரியாமலே அதைப் பாதுகாத்து வந்தார்கள். அது இந்தப் புதுத்தெருதான் என்று ஆய்வாளர்கள் அண்மைக் காலத்தில்தான் அடையாளம் கண்டார்கள். தெரு இல்லை, படம் இருக்கிறது.

தெருவைக் கொண்டுபோனது 1755 நவம்பர் 1. அனைத்துப் புனிதர் நாள். தேவாலயங்களில் கூட்டம் நிரம்பியிருந்த காலை வேளை. முதலில் நிலநடுக்கம், பிறகு கடல் பொங்கியது, பிறகு நாள்கணக்கில் தீ. மிச்சமிருந்த இடிபாட்டின் மேல், பின்னாளில் பொம்பால் பிரபு ஆன அமைச்சர், நூல் பிடித்தாற்போல நேர்த்தெருக்களைப் போட்டார். பாய்ஷா என்று அந்தப் பகுதிக்குப் பெயர். தெருவுக்கு ஒரு தொழில்: பொன் வேலைக்காரர் தெரு, வெள்ளி வேலைக்காரர் தெரு. அங்கே ஒரு பெயர்ப்பலகையைப் பார்த்தால் நமக்குச் சிரிப்பு வரும். ருவா தோஸ் சப்பாத்தெய்ரோஸ், செருப்புத் தைப்பவர் தெரு. யாழ்ப்பாணத்தில் இன்றும் புழங்கும் ‘சப்பாத்து’ அந்தத் தெருவின் உறவுக்காரச் சொல். சாவி, ஜன்னல், மேஜை, அலமாரி எல்லாம் அதே கப்பலில் நம்மிடம் வந்தவைதான்.

இது வரையிலும் லிஸ்பன் படங்களில் இன்று நாம் பார்க்கும் தரையின் கறுப்பு வெள்ளை அலைக்கோலம் வரவே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பழமை பழமை என்று சொல்லப்படும் அந்த வேலைப்பாடு உண்மையில் 19ஆம் நூற்றாண்டுச் சரக்கு. அதைப் போட்டவர்கள் கலைஞர்கள்கூட இல்லை. கைதிகள்.

1842இல் லிஸ்பனின் குன்றின் மேலிருக்கும் சாவ் ஜோர்ஜ் கோட்டை ராணுவக் குடியிருப்பாக இருந்தது. அதன் ஆளுநர் யூசெபியோ புர்த்தாதோ, ராணுவப் பொறியாளர். கோட்டையில் அடைபட்டிருந்த கைதிகளைக் கொண்டு வளாகத்தின் தரையில் வெள்ளை, கறுப்புக் கற்களை இடமும் வலமுமாக ஒடியும் கோடுகளாகப் பாவச் செய்தார். அந்தக் கைதிகளுக்கு ‘கிரில்யேத்தா’ என்று பெயர். காலில் பூட்டிய விலங்குக்கும் அதே பெயர்தான். ஆளையும் விலங்கையும் ஒரே சொல்லால் அழைத்த ஊர்.

கோட்டைத் தரையை வேடிக்கை பார்க்க ஊரே மலையேறியது. நகரசபை அசந்துபோய் ரோசியோ சதுக்கத்தை புர்த்தாதோவிடம் ஒப்படைத்தது. சாதாரணச் சதுக்கம் இல்லை. அதன் வடக்கு ஓரத்தில் மத விசாரணை மன்றத்தின் அரண்மனை நின்றிருந்தது. மதம் பிறழ்ந்தவர்கள் என்று தீர்ப்பானவர்களை ஊர் கூடித் தண்டித்த இடம் அது. 1846இல் அந்த அரண்மனை இருந்த மனையில் தேசிய நாடக அரங்கம் திறக்கப்பட்டது. இரண்டே வருடம் கழித்து, 1848இல், கைதிகள் சதுக்கத்தில் குந்தினார்கள். 8,712 சதுர மீட்டர், நம் கணக்கில் இரண்டு ஏக்கருக்குச் சற்று மேல். 323 நாட்களில் முடிந்தது. வகுத்துப் பாருங்கள், நாளொன்றுக்கு 27 சதுர மீட்டர். உள்ளங்கையில் அடங்கும் கற்களால்.

அந்த வடிவத்துக்கு ‘மார் லார்கோ’, விரிகடல், என்று பெயர். தரை தட்டைதான்; பார்த்துக்கொண்டே நடந்தால் ஏறி இறங்குவது போல் கண்ணை ஏமாற்றும். கரையிறங்கிய ஆங்கிலேய மாலுமிகள் அதற்கு ‘ஆடும் சதுக்கம்’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். கடலில் ஆடியது போதாதென்று கரையிலுமா என்ற எரிச்சலாக இருக்கலாம். இன்று அந்தச் சதுக்கத்துக்கு மன்னர் நான்காம் பெத்ரோவின் பெயர், கல்கோலத்துக்கு புர்த்தாதோவின் பெயர். பாவியவர்கள் வெறும் கிரில்யேத்தாக்கள்.

இந்தக் கல்தரைக்கு அவர்கள் சொல்லும் பெயர் ‘கல்சாடா’. கல் என்று தொடங்குகிறதே என்று மகிழ்ந்துவிட வேண்டாம். லத்தீனில் சுண்ணாம்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள், குதிகாலைக் குறிக்கும் சொல்லிலிருந்து என்பாரும் உண்டு. வெள்ளைக்குச் சுண்ணாம்புக்கல். நாட்டின் நடுவே உள்ள அய்ரே, காந்தியெய்ரோஸ் மலைகளில் வெட்டுகிறார்கள். கறுப்புக்கு லிஸ்பன் பக்கத்து எரிமலைக்கல், பின்னாளில் கறுநிறச் சுண்ணாம்புக்கல்லும் சேர்ந்தது. கல் பாவுபவர் தாழ்ந்த முக்காலியில் உட்காருவார். இடது கையில் கல், வலது கையில் சுத்தியல். கல்லைத் தரையில் வைத்து உடைப்பதில்லை, கையிலேயே திருப்பித் திருப்பித் தட்டி முகம் எடுப்பார். மரச்சட்ட அச்சைத் தரையில் வைத்து ஓரம் பிடித்து ஒரு நிறத்தை நிரப்பி, அச்சை எடுத்துவிட்டு மற்ற நிறத்தை நெருக்கி வைப்பார். இடுக்கில் மணலும் சிமென்ட்டும் தூவி, தண்ணீர் தெளித்து, கடைசியில் திமிசுக்கட்டையால் இடிப்பார்கள். இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. குழாய் பதிக்கத் தோண்டினால், எடுத்த கல்லையே திரும்ப வைத்துவிடலாம்.

ரோசியோவுக்குப் பிறகு தலைநகரின் மற்ற சதுக்கங்கள், நிழற்சாலைகள் என்று வேலை பரவியது. அந்தப் பட்டியலை வரிசையாகச் சொல்லி உங்களைச் சோதிக்கவில்லை. கடல் தாண்டியதுதான் சுவாரஸ்யம். பிரேசிலில், அமேசான் காட்டு நடுவே ரப்பர் பணத்தில் எழுந்த மனாவுஸ் நகரத்தில், நாடக அரங்கின் எதிரே அதே அலை. கறுத்த நீக்ரோ ஆறும் வெளிர்நிற சொலிமோய்ன்ஸ் ஆறும் கலக்காமல் பக்கம் பக்கமாக ஓடும் காட்சியே அது என்பார்கள் அவ்வூர்க்காரர்கள். அவரவர் ஊருக்கு அவரவர் தண்ணீர். ரியோவின் கோபகபானா கடற்கரை நடைபாதையிலும் அதே அலை. 1970இல் ரொபெர்த்தோ பர்லே மார்க்ஸ் அந்தச் சாலையைப் புதுப்பித்தபோது அலைக்கோலத்தைக் கைவிடாமல் வைத்துக்கொண்டு, உட்பக்க நடைபாதைகளில் தம் வடிவங்களைப் போட்டார்.

மக்காவ்தான் எனக்கு வேடிக்கை. நானூறு வருடத்துக்கு மேல் இருந்தார்கள் போர்ச்சுகீசியர்கள். ஊரைச் சீனாவிடம் ஒப்படைத்தது 1999இல். செனாடோ சதுக்கத்தில் அலைக்கோலம் போட்டதோ 1990களின் தொடக்கத்தில். காலி செய்யப்போகிற வீட்டுக்கு வாசலில் கோலம்.

லிஸ்பனிலேயே இப்போது இந்தக் கற்களை வைத்துப் பஞ்சாயத்து. காலடி பட்டுப் பட்டு வழவழத்த சுண்ணாம்புக்கல், ஒரு தூறல் விழுந்தால் வழுக்கும். ஊரோ ஏற்ற இறக்கம். முதியவர்களும் சக்கர நாற்காலிக்காரர்களும் குழந்தை வண்டி தள்ளுபவர்களும் படும் பாட்டைக் கேட்டு, சில தெருக்களில் கற்களை எடுத்துவிட்டு வேறு தளம் போடலாம் என்று 2014இல் நகரம் திட்டம் வகுத்தது. பாரம்பரியம் போச்சே என்று ஒரு தரப்பு எழும்பியது. சதுக்கத்தில் கோலம் இருக்கட்டும், மருத்துவமனைக்குப் போகும் ஏற்றத்தில் எதற்கு என்பது என் கட்சி. மேலும், வழுக்குவது பாதி கல்லின் குற்றம் என்றால், மீதி ஒழுங்காகப் பாவ ஆளில்லாத குற்றம். 1927இல் லிஸ்பனில் 400 கல் பாவுபவர்கள் இருந்தார்கள். இன்று மிகச் சிலரே. 1986இல் நகரசபை இதற்கென்றே பள்ளி தொடங்கியது. முதுகு வளைய நாள் முழுக்கக் குந்தும் வேலை, குறைந்த கூலி, சேருபவர்கள் குறைவு. 2021இல் இந்தக் கைத்தொழில் தேசியப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. பட்டியலில் ஏறினால் கூலி ஏறுமா?

கல் பாவுபவர்களுக்கு 2006இல் வெண்கலச் சிலை வைத்தார்கள். இப்போது அது நிற்பது ரெஸ்தவுரதோரெஸ் சதுக்கத்தில், ரோசியோவுக்கு வெகு அருகில். போகிறவர்கள் நடந்தே போய்ப் பாருங்கள். மழை நாளானால் மட்டும் ரப்பர் அடி வைத்த சப்பாத்து போட்டுக்கொண்டு போங்கள்.