சாமி குழித்துறை தாண்டியாச்சா?

1955-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸில் இருந்த வான் பாதுகாப்புத் தலைமையகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. எடுத்தவர் கர்னல் ஹாரி ஷூப். பேசிய குழந்தை கேட்டதோ சாண்டா கிளாஸை. கடை விளம்பரத்தில் எண் தப்பாக அச்சானது என்பார்கள் சிலர்; குழந்தைதான் எண்ணைத் தப்பாகச் சுழற்றியது என்பார்கள் வேறு சிலர். எப்படியோ, 1958-இல் உருவான நோராட் என்ற வான் பாதுகாப்பு அமைப்பு அந்த வேடிக்கையைத் தன் வேலையாகவே எடுத்துக்கொண்டது. சாண்டா இப்போது எந்த நாட்டின் மேல் பறக்கிறார் என்று ஆண்டுதோறும் சொல்லிவருகிறது.

வருகிறவர் எங்கே வந்தார் என்று வழிபார்ப்பது திருவனந்தபுரத்துக்குப் புதிதில்லை. அங்கே புரட்டாசியில் வருகிறவள் சரஸ்வதி. பறந்து வருவதில்லை, யானை மேல் வருகிறாள், அதுவும் மூன்று நாள் எடுத்துக்கொண்டு.

புறப்படும் இடம் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் பத்மநாபபுரம் அரண்மனை. திருவிதாங்கூரின் பழைய தலைநகரம் அது. அங்குள்ள தேவாரக்கட்டு சரஸ்வதியைக் கம்பர் பூசித்த மூர்த்தி என்று சொல்வது மரபு. நவராத்திரி பூசை ஒரு வருடமும் தவறக்கூடாது என்ற வாக்கைப் பெற்றுக்கொண்டே கம்பர் அதைச் சேர மன்னரிடம் ஒப்படைத்தாராம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போனது. பின்னால் மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில் (1829–1846) நவராத்திரியும் அங்கே போனது. கொலு மாறினாலும் குடியிருப்பு மாறவில்லை. அதனால்தான் வருடாவருடம் இந்தப் போக்குவரத்து.

தேவி தனியாகப் போவதில்லை. சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கை முதல்நாளே கிளம்பி வந்து சேர்ந்துகொள்வாள். குமாரகோவிலிலிருந்து வேளிமலை குமாரசுவாமியும் வருவார். இவர்கள் இருவருக்கும் பல்லக்கு. அரண்மனையின் உப்பரிகை மாளிகையில் மன்னரின் உடைவாள் கைமாறிய பிறகுதான் பவனி நகரும். முதல் இரவு குழித்துறை மகாதேவர் கோவில், மறுநாள் களியக்காவிளை கடந்து நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோவில், மூன்றாம் நாள் கரமனை வழியாகக் கிழக்குக் கோட்டை.

வழிநெடுக வீட்டு வாசல்களில் குத்துவிளக்கு, கோலம், தட்டத்தில் பூவும் பழமும். 'சாமி எங்கே வந்தாச்சு?' என்பதுதான் அந்த மூன்று நாளும் சாலையோரக் கேள்வி. ராடார் கிடையாது, தூரத்து மேளச் சத்தத்தை வைத்தே மணியைக் கணக்குப் போட்ட தலைமுறைகள் உண்டு. இன்று செல்பேசி சொல்லிவிடுகிறது. ஆனாலும் தட்டம் ஏந்தியவர்கள் வாசலைவிட்டு நகர்வதில்லை.

1956 நவம்பர் 1-இல் மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபோது இந்தப் பாதையின் நடுவே எல்லை விழுந்தது. குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. பத்மநாபபுரம் அரண்மனை மட்டும் கேரளத்தின் வசமே நின்றது. ஆக, தமிழ்நாட்டு மண்ணில் நிற்கும் கேரள அரண்மனையிலிருந்து இரு மாநில அதிகாரிகளும் சாமியை வழியனுப்புகிறார்கள், இரு மாநில போலீசாரும் அணிவகுத்து மரியாதை செய்கிறார்கள். களியக்காவிளையில் கேரளத்தின் வரவேற்பு. ஆற்றுத் தண்ணீருக்கும் அணைக்கும் சண்டை போட்ட வருடங்களிலும் இந்தக் கைமாற்றம் நடந்திருக்கிறது.

நகரத்தில் மூவரும் பிரிந்து தங்குகிறார்கள். சரஸ்வதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில், குமாரசுவாமி ஆரியசாலையில், நங்கை செந்திட்டையில். மண்டபத்தில் ஒன்பது மாலையும் கச்சேரி. சுவாதித் திருநாளின் கிருதிகள் முறைவைத்து வரும். முதல் நாள் சங்கராபரணம், கடைசி நாள் ஆரபி. பாட்டு தேவிக்கு என்பதால் கைதட்டல் கிடையாது. கேட்பது பெண் தெய்வம், ஆனால் பாடப் பெண்ணுக்கு அனுமதியில்லை என்ற விசித்திரமும் அங்கே வெகுகாலம் இருந்தது. 2006-இல் பாறசாலை பொன்னம்மாள் பாடித்தான் அது முடிந்தது. தேவி வரும் வழியில் உள்ள ஊர்தான் பாறசாலை.

சரி, இத்தனை தூரம் வருகிறவள் கொண்டுவருவது என்ன? விஜயதசமி காலையில் அது தெரியும். பெரியவர் மடியில் குழந்தை, தட்டில் பரப்பிய அரிசி, பிஞ்சு விரலைப் பிடித்து முதல் எழுத்து. பாதிக் குழந்தைகள் அழும். அன்றே குமாரசுவாமி வெள்ளிக் குதிரையில் பூஜப்புரைக்குப் போய்த் திரும்புவார்.

ஒரு நாள் நல்லிருப்பு, அதாவது ஓய்வு. அதன்பின் வந்த வழியே திரும்புகிறார்கள். நெய்யாற்றின்கரையில் ஓர் இரவு, குழித்துறையில் ஓர் இரவு. வாசல்களில் மறுபடியும் விளக்கு எரிகிறது.