வறுமையை அளந்த கோல்கள்: இருவேல்பட்டு தரும் பாடம்

மக்களுக்கு மாதந்தோறும் எவ்வளவு தானியம் வழங்குவது என்பதைத் தீர்மானிக்கக் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். அபூ உபைத் (மறைவு ஹிஜ்ரி 224) தமது ‘கிதாபுல் அம்வால்’ நூலில் இதனைப் பதிவு செய்துள்ளார். ஒரு ஜரீபு தானியத்தை அரைத்து, ரொட்டி சுட்டு, முப்பது பேருக்குப் பகலுணவாக அளித்தார்கள், இரவுக்கும் அவ்வாறே. அது அவர்களுக்குப் போதுமானதாயிருந்தது. முப்பது பேருக்கு ஒரு நாளைக்கு ஆவது, ஒருவருக்கு முப்பது நாளைக்கு ஆகுமல்லவா? எனவே தலைக்கு மாதம் இரண்டு ஜரீபு என விதித்தார்கள். ஆண், பெண், அடிமை என்ற வேறுபாடு அதில் இல்லை.

பசித்தவரை உட்காரவைத்து, உண்ணச் செய்து கண்ட அளவு இது. பிற்காலத்தில் தாதாபாய் நவ்ரோஜி சிறைக் கைதிகளின் உணவுச் செலவைக் கொண்டு இந்தியாவின் வறுமையைக் கணக்கிட்டார். 1979இல் திட்டக்குழு அமைத்த பணிக்குழு, கிராமத்தவருக்கு நாளொன்றுக்கு 2400 கலோரி, நகரத்தவருக்கு 2100 கலோரி என்று கோடு கிழித்தது. மூன்றும் வயிற்றை அளந்தவையே.

ஆனால், ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டு இனத்தாரைக் கூறும் இறைவசனம் (9:60) வயிற்றோடு நிற்கவில்லை. ஃபகீர், மிஸ்கீன் ஆகிய இருவரில் வறுமை மிக்கவர் யார் என்பதில் இமாம்கள் கருத்து வேறுபட்டனர். ஷாஃபிஈ மத்ஹபில் ஃபகீரே கீழ்நிலையில் உள்ளவர். கடலில் உழைத்த மரக்கல உரிமையாளர்களையும் குர்ஆன் (18:79) மிஸ்கீன்கள் என்றே குறிப்பிடுவதை அவர்கள் ஆதாரமாகக் காட்டுவர். ஹனஃபி மத்ஹபில் இது தலைகீழ். மதரஸாக்களில் இந்த விவாதத்துக்கு நாள் கணக்கில் நேரம் ஒதுக்குகிறோம். அதே வசனம் அடிமைத்தளையில் உள்ளோரையும் (ரிகாப்) கடன்பட்டோரையும் (ஃகாரிமீன்) தனித்தனி இனங்களாக நிறுத்துவதை மட்டும் விரைந்து கடந்துவிடுகிறோம். உண்பதற்கு இருப்பதும் தளையின்றி இருப்பதும் ஒன்றல்ல என்பதன்றோ இப்பகுப்பின் பொருள்?

விழுப்புரத்தை அடுத்த ஓர் ஊரின் வரலாறு இதனைத் தெளிவாக்கும். 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், ஏட்டறிவில் நிறைவடையாதவர். தம் மாணவர்களிடம் வினாப்பட்டியலைக் கொடுத்து 1916இல் கிராமங்களுக்கு அனுப்பினார். அவ்வாறு ஆராயப்பட்ட ஊர்களுள் அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்து இருவேல்பட்டும் ஒன்று. முடிவுகள் 1918இல் நூலாக வெளிவந்தன. அந்நூல் விவரிக்கும் மனிதர்களுள் நம் கவனத்துக்குரியவன் படியாள். வாங்கிய கடனுக்குத் தன்னையே ஈடாக வைத்து, நிலக்காரரிடம் தானியக் கூலிக்கு உழைத்தவன் அவன். கடன் தீராவிடில் தந்தையின் கட்டு மகனையும் பிணிக்கும். வேலையில்லாத நாட்களில் பட்டினி கிடந்த சுதந்திரக் கூலியைவிட, கலோரிக் கணக்கில் அவன் சற்று மேலாகவே இருந்திருக்கக்கூடும். வயிற்றை மட்டும் அளக்கும் கோல் தடுமாறும் இடம் இதுவே.

உலகப் பொருளாதார மந்தத்தின் அடி ஆறாத 1930களில் பி.ஜே. தாமஸும் கே.சி. இராமகிருஷ்ணனும் ஸ்லேட்டரின் கிராமங்களை மீண்டும் ஆராய்ந்தனர். 1981இல் எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும் இருவேல்பட்டுக்கு வந்தனர். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் வந்தனர். இத்தனை நீண்ட காலம் திரும்பத் திரும்ப ஆராயப்பட்ட சிற்றூர்கள் இந்தியாவில் மிகச் சிலவே. கடைசி ஆய்வு, நிலக்காரரின் பிடி தளர்ந்ததையும், வேளாண்மைக்கு வெளியே பிழைப்பு பெருகியதையும், அரசின் நலத்திட்டங்கள் கடும் வறுமையைத் தணித்ததையும் எடுத்துக்காட்டியது. யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்று கேட்டதால்தான் இம்மாற்றம் கண்ணுக்குப்பட்டது. கலோரியை மட்டும் எண்ணியிருந்தால் பாதிக் கதை தவறியிருக்கும்.

இன்றைய கோல்கள் முன்னினும் நுட்பமானவை என்பதை மறுப்பதற்கில்லை. மஹ்பூபுல் ஹக் 1990இல் தொடங்கிய மானுட வளர்ச்சி அறிக்கை, வருவாயோடு ஆயுளையும் கல்வியையும் சேர்த்தது. நிதி ஆயோக் 2023இல் வெளியிட்ட பல்பரிமாண வறுமைக் கணக்கு 12 குறியீடுகளைக் கொண்டது. அதன்படி 2019-21இல் தமிழ்நாட்டின் வறியோர் 2.20 விழுக்காடு மட்டுமே. மகிழத்தக்க செய்திதான். எனினும் அந்தப் பன்னிரண்டில், வங்கிக் கணக்கு உண்டா என்ற வினா இருக்கிறது. கடன் எவ்வளவு, யாரிடம் என்ற வினா இல்லை. கொத்தடிமைத்தனம் பற்றிய வினாவும் இல்லை.

கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல் வந்தது. அதன் பின்னரும் அரிசி ஆலைகளிலும் செங்கற் சூளைகளிலும் முன்பணத்துக்காக இருளர் குடும்பங்கள் கட்டுண்டு கிடந்தன. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி தொடங்கிய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம், சாதிச் சான்றிதழுக்கே நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. சான்றிதழ் இல்லாதவர் பழங்குடிக்குரிய அரசின் எந்தப் பட்டியலிலும் ஏறமாட்டார்.

ரமளானில் நம் ஜமாஅத்துகள் தயாரிக்கும் பட்டியலையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். பெயர், முகவரி, விதவையா, குமருடையவரா என்பவற்றோடு அது முடிந்துவிடுகிறது. வட்டிக்காரரிடம் குடும்ப அட்டையை அடகு வைத்தவர், முன்பணம் வாங்கி ஊர்விட்டு ஊர் போனவர் ஆகியோரைப் பதிய அதில் ஒரு நிரலும் இல்லை. ஃகாரிமீன் என்ற இனம் ஏட்டில் இருக்கிறது. பட்டியலில் இன்னும் ஏறவில்லை.