தழும்பை நிரப்ப வந்த வைத்தியம்



கொஞ்சம் நீண்ட பதிவுதான். வளர்ந்த பிள்ளைகள் உள்ள வீட்டார் பொறுமையாக வாசியுங்கள்.

"வயிற்றுக் கொழுப்பை எடுத்துக் கன்னத்தில் வைக்கிறோம். உங்கள் சொந்தக் கொழுப்புத்தானே, பயமே வேண்டாம்." இப்படியான விளம்பரங்கள் இப்போது நம் ஹட்டன், நுவரெலியாப் பிள்ளைகளின் போனுக்கும் வருகின்றன. கொழும்பில் கடையில் நிற்கும் மகளோ, வெளிநாட்டில் வேலை செய்யும் தங்கையோ சம்பளத்தைச் சேர்த்து இதற்குக் கொடுக்க நினைத்தால், இந்த வைத்தியம் வந்த வழியை முதலில் தெரிந்துகொள்ளட்டும்.

இது அழகுக்காகப் பிறந்ததல்ல. 1893 இல் ஜெர்மனியில் குஸ்டாவ் நொய்பர் என்ற வைத்தியரிடம் ஓர் இளைஞர் வந்தார். எலும்பைத் தாக்கிய காசநோயால் அவருடைய கண்ணுக்குக் கீழே குழி விழுந்து தழும்பாகியிருந்தது. அவரது கையிலிருந்தே கொழுப்பைச் சிறு துண்டுகளாக எடுத்து நொய்பர் அந்தக் குழியை நிரப்பினார். 1895 இல் வின்சென்ஸ் செர்னி என்ற வைத்தியர், மார்பில் சத்திரசிகிச்சை செய்த ஒரு பெண்ணுக்கு, அவரது முதுகின் கீழ்ப்பக்கம் இருந்த கொழுப்புக் கட்டியை எடுத்து அந்த இடத்தில் வைத்தார். நோய் பறித்ததைத் திருப்பிக் கொடுப்பதே இருவரின் நோக்கமும்.

அதே காலத்தில் ஒரு குறுக்கு வழியும் பரவியது. 1899 இல் வியன்னாவில் ரொபர்ட் கெர்சுனி பரஃபினை ஊசியால் ஏற்றத் தொடங்கினார். மூக்கை நிமிர்த்த, சுருக்கத்தை மறைக்க என்று பலரும் அதை ஏற்றிக்கொண்டார்கள். வருடங்கள் போக, அது இடம் நகர்ந்து, கட்டியாகி, புண்ணாகியது.

சொந்தக் கொழுப்பு என்றால் ஆபத்தே இல்லையா? நம் தவறணையை நினைத்துப் பாருங்கள். வெட்டிய தேயிலைத் துண்டுகளை ஒரே பையில் கட்டாக நட்டால் பிழைக்குமா? ஒவ்வொன்றுக்கும் மண் வேண்டும், வேர் பிடிக்க வேண்டும். கொழுப்பும் அப்படித்தான். புது இடத்தில் இரத்த ஓட்டம் கிடைத்த பகுதி உயிர் பிழைக்கும். மற்றது கரைந்து போகும், அல்லது உள்ளே கட்டியாக இறுகும். பாதியளவு கரைந்துவிடுகிறது என்று அமெரிக்க வைத்தியர் லிண்டன் பியர் 1950களிலேயே எழுதினார்.

1970களின் கடைசியில் பிரான்ஸின் இலூஸ் குழாயால் கொழுப்பை உறிஞ்சும் முறையைக் கொண்டுவந்தார். கொழுப்பு இலகுவாகக் கிடைத்ததும் அழகு வியாபாரமும் வளர்ந்தது. மார்பில் கொழுப்பு ஏற்றுவதை 1987 இல் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜரி சங்கம் கண்டித்தது. கவனமான முறைகள் வந்த பிறகு, 2009 இல்தான் அந்த நிலைப்பாட்டைத் தளர்த்தியது.

இடுப்புக்குக் கீழே பின்பக்கத்தைப் பெரிதாக்கும் சிகிச்சைதான் மிகக் கொடியதானது. கொழுப்பு தசைக்குள் போய்ப் பெரிய இரத்தக் குழாயில் ஏறினால், இதயத்துக்கும் நுரையீரலுக்கும் சென்று ஆளைக் கொன்றுவிடும். சுமார் 3000 பேருக்கு ஒருவர் இறக்கலாம் என்று 2017 இல் வெளியான ஆய்வு கணித்தது. தசைக்குள் ஏற்றவே கூடாது என்று 2018 இல் சர்வதேச சங்கங்கள் எச்சரித்தன. முகத்தில் இரத்தக் குழாய்க்குள் போனால் கண் பார்வையே போகலாம்.

மார்க்கம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு: போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) வெள்ளியில் மூக்கு வைத்தார். அது நாற்றமெடுத்தபோது, தங்கத்தில் வைத்துக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். 2007 இல் மலேசியாவின் புத்ராஜாயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும் குறையைச் சரிசெய்வதை அனுமதித்தது. ஆசைக்காக இயல்பான தோற்றத்தை மாற்றுவதை அனுமதிக்கவில்லை.

இந்த வித்தியாசம் நமக்கு முக்கியம். லயத்தில் குப்பி விளக்கு சரிந்து சுட்ட தழும்போடு வாழ்பவர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் சிகிச்சை தேடுவது வெட்கமல்ல. பக்கத்து ஆஸ்பத்திரியில் கடிதம் வாங்கிக்கொண்டு அரசாங்க பிளாஸ்டிக் சர்ஜரி கிளினிக்குக்குப் போகலாம்.

பணம் கட்டிச் செய்பவர்கள் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். செய்பவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்த, பிளாஸ்டிக் சர்ஜரியில் தேர்ந்த நிபுணரா? அந்த இடம் பதிவு செய்யப்பட்ட தனியார் வைத்தியசாலையா? ஏதாவது நடந்தால் தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கே உண்டா? பதிலுக்குத் தடுமாறினால் எழுந்து வந்துவிடுங்கள்.

நம் பிள்ளைகளின் முகத்தில் குறையொன்றும் இல்லை என்று முதலில் நாமே அவர்களுக்குச் சொல்வோம். பயன்படும் என்று நினைத்தால் மற்றவர்களுக்கும் பகிருங்கள்.