சணல் வயலுக்கு எத்தனை தூரம்?

சணல் பயிர் நிற்கும் மாதங்களில் வங்காளத்தின் தாழ்நிலங்களில் பாதை என்பது நிலையானதன்று. நேற்று வரப்பாக இருந்தது இன்று நீருக்கடியில் கிடக்கும். நடந்து சென்ற ஊருக்கு மறுவாரம் படகில் போக வேண்டியிருக்கும். இந்த நிலத்தில்தான், 1937 முதல், பிரசாந்த சந்திர மஹலனோபிஸும் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனமும் சணல் பயிரிடப்பட்ட பரப்பை மாதிரிக் கூறெடுப்பின் வழியே மதிப்பிடும் சோதனை ஆய்வுகளை நடத்தினர். நிதி அளித்தது இந்திய மத்தியச் சணல் குழு. இந்த ஆய்வு புள்ளியியல் வரலாற்றில் பெரும்பாலும் கூறெடுப்பு முறைக்காகவே நினைவுகூரப்படுகிறது. ஒரு முகவரியை மண்ணில் கண்டடைவது எப்படி, பல முகவரிகளைக் குறைந்த நடையில் சென்று முடிப்பது எப்படி என்னும் இரு கேள்விகளை இந்தியாவில் முதன்முதலாகக் கணக்காக மாற்றிய முயற்சிகளுள் ஒன்றாகவும் அதை வாசிக்கலாம்.

முதல் கேள்விக்கு விடை ஏற்கெனவே காகிதத்தில் இருந்தது. நிலவரி நிர்வாகத்துக்காகக் காலனிய அரசு தயாரித்த மௌசா வரைபடங்கள், பதினாறு அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற அளவில், ஒவ்வொரு வயலுக்கும் ஓர் எண்ணை வழங்கியிருந்தன. ஊர்ப்பெயரை மட்டும் நம்ப முடியாது. ஒரே பெயருடைய ஊர்கள் வங்காளத்தில் ஏராளம். எனவே ஒவ்வொரு தாணாவிலும் மௌசாக்களுக்கு வரிசை எண் இடப்பட்டிருந்தது. மாவட்டம், தாணா, மௌசா எண், வயல் எண் என்று இறங்கிவந்தால் முகவரி முழுமை பெறும். ஆயினும் அந்த எண் வயலில் எழுதப்பட்டிருப்பதில்லை. குடியானவருக்கு அது ஆலமரத்துக்கு வடக்கே உள்ள நிலம், அல்லது பாட்டன் கடன்பட்டு வாங்கிய நிலம். களப்பணியாளர் இவ்விரு மொழிகளுக்கும் இடையே நின்ற மொழிபெயர்ப்பாளர்.

இரண்டாம் கேள்விக்கு எந்த அலுவலகத்திலும் விடை இல்லை. சமவாய்ப்பு முறையில் வரைபடத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட புள்ளிகள் சிதறிக் கிடந்தன. எத்தனை புள்ளிகளைப் பார்ப்பது என்பது துல்லியத்தைப் பொறுத்தது. ஆனால் ஒவ்வொரு கூடுதல் புள்ளிக்கும் ஒருவர் நடக்க வேண்டும். 1940இல் ‘சங்க்யா’ இதழில் வெளியான கட்டுரையில் மஹலனோபிஸ் இதற்கு ஒரு மதிப்பீட்டை முன்வைத்தார். ஒரே பரப்புக்குள் புள்ளிகளின் எண்ணிக்கை பெருகும்போது, அனைத்தையும் சுற்றிவரும் பயணத்தின் நீளம் அந்த எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை ஒட்டியே வளர்கிறது. 25 புள்ளிகளை 100 ஆக்கினால் வேலை நான்கு மடங்காகலாம், நடை ஏறத்தாழ இரு மடங்குதான் ஆகும். புள்ளிகள் நெருங்குவதால் ஒவ்வொன்றுக்கும் இடையிலான தூரம் குறைந்துவிடுகிறது என்பதே இதன் உட்பொருள். 1949இல் எம். என். கோஷ் இதைக் கணிதவழியில் மேலும் ஆராய்ந்தார். 1959இல் பியர்ட்வுட், ஹால்ட்டன், ஹாமர்ஸ்லி ஆகிய மூவர் இவ்விதியை முறையாக நிறுவினர். பயண விற்பனையாளர் சிக்கல் என்று இன்று கணினி அறிவியல் மாணவர்கள் படிக்கும் பாடத்தின் தொடக்கப் பக்கங்களில் சணலின் ஈரவாசனை இருக்கிறது என்பதைப் பாடநூல்கள் சொல்வது அரிது.

பின்னர் 1944இல் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் வெளியான நீண்ட கட்டுரையில், ஆய்வின் செலவைப் பகுக்கும்போது பயணத்துக்கென்றே தனி இடம் தரப்பட்டது. மஹலனோபிஸின் நோக்கம் தொழிலாளர் நலமன்று, சிக்கனமே. இருப்பினும் நடப்பவரின் நேரம் சமன்பாட்டுக்குள் வந்துவிட்டது. இது சிறிய செய்தியன்று. ஏனெனில் இந்தியத் தகவல்தொடர்பின் முந்தைய வரலாறு பெரும்பாலும் அந்த நேரத்தைப் பார்வையிலிருந்து மறைத்த வரலாறாகவே இருந்தது.

1854ஆம் ஆண்டின் அஞ்சல் சீர்திருத்தம் அதற்குத் தக்க சான்று. அதுவரை கடிதக் கட்டணம் தூரத்துக்கேற்ப மாறியது. சீர்திருத்தத்துக்குப் பின் கால் தோலா எடைக்குள் அடங்கிய கடிதம் எவ்வளவு தொலைவு சென்றாலும் கட்டணம் அரை அணாதான். எழுதுபவருக்குத் தூரம் இல்லாமற்போயிற்று. அஞ்சல் பையைச் சுமந்து ஓடிய ஹர்க்காராவின் கால்களுக்கு அது அப்படியே இருந்தது.

உறையின் மேல் எழுதப்பட்ட முகவரியும் அவர்களைத் தொடர்ந்து சோதித்தது. இந்திய மொழிகளில் எழுதப்பட்ட பழைய முகவரிகள் பலவற்றில் பெறுநரின் தந்தை பெயர், தொழில், உறவு, வாழ்த்து ஆகியவை இடத்தைவிட அதிக இடத்தைப் பிடித்துக்கொண்டன. அது ஓர் ஆளை அடையாளம் காட்டும் வாக்கியம். அறிந்த அஞ்சல்காரருக்கு அது போதும். பிரித்தடுக்கும் அலுவலகத்தில் அமர்ந்திருந்த அயலூர் எழுத்தருக்கு அது புதிர்.

அந்த எழுத்தருக்காகவே 1972 ஆகஸ்ட் 15 அன்று ஆறிலக்க அஞ்சல் குறியீட்டு எண் நடைமுறைக்கு வந்தது. அதை வடிவமைத்தவர் மத்தியத் தகவல்தொடர்பு அமைச்சகத்தில் உயர்பதவி வகித்த ஸ்ரீராம் பிகாஜி வேலண்கர். பல எழுத்துமுறைகள், பல உச்சரிப்புகள், ஒரே பெயருடைய பல ஊர்கள் என்ற மொழிச் சிக்கலுக்கு அவர் கண்ட விடை, மொழியையே விலக்கிவைப்பது. முதல் இலக்கம் மண்டலம், இரண்டாவது துணைமண்டலம், மூன்றாவது பிரித்தடுக்கும் மாவட்டம், எஞ்சிய மூன்றும் அஞ்சலகம். ஆங்கில வழக்கில் எழுதப்படும் முகவரி வீட்டிலிருந்து நாட்டை நோக்கி விரிகிறது. இந்த எண்ணோ பெரியதிலிருந்து சிறியதை நோக்கிச் செல்கிறது. வங்காளத்திலோ தமிழிலோ ‘இந்த ஊரின், இந்தத் தெருவின், இந்த வீடு’ என்று சொல்லும்போது அமையும் வரிசையும் இதுவே. வேலண்கர் சமஸ்கிருதக் கவிஞர் என்பதை இதனோடு முடிச்சுப் போடும் ஆசை எழலாம். அதற்குச் சான்றில்லை, பிரித்தடுக்கும் வேலையே அந்த வரிசையைக் கோருகிறது.

பலரும் கவனியாத செய்தி ஒன்று உண்டு. 700001 என்பது ஒரு தெருவின் பெயரன்று. கல்கத்தாத் தலைமை அஞ்சலகத்தைக் குறிக்கும் எண். பை எங்கே பிரிக்கப்படும் என்பதை மட்டுமே அது சொல்கிறது. அங்கிருந்து வாசல்வரை உள்ள வழி அஞ்சல்காரரின் நினைவுக்கு விடப்பட்டது. எந்தச் சந்து மழைக்காலத்தில் மூழ்கும், எந்த வீட்டுப் பெரியவர் இடம் மாறிச் சென்றார் என்ற அறிவு எந்தப் பேரேட்டிலும் பதிவாகவில்லை. அவர் ஓய்வுபெற்றபோது அவருடனேயே போயிற்று.

இந்த இடைவெளியை நிரப்பும் பொருட்டு 2025 மே மாதத்தில் அஞ்சல் துறை ‘டிஜிபின்’ என்னும் குறியீட்டை வெளியிட்டது. ஹைதராபாத் ஐஐடியும் இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையமும் இதில் பங்காற்றின. நாட்டின் பரப்பைப் பதினாறு கட்டங்களாகவும், ஒவ்வொரு கட்டத்தையும் மீண்டும் பதினாறாகவும் பத்து முறை பகுத்தால் ஏறத்தாழ நான்கு மீட்டர் சதுரம் கிடைக்கும். பத்து எழுத்துகளும் எண்களும் கலந்த குறியீடு அந்தச் சதுரத்தைச் சுட்டும். மௌசா வரைபடத்தின் நெடுங்கால ஆசை இதில் நிறைவேறியது எனலாம். ஆனால் இக்குறியீட்டில் உயரம் இல்லை. பத்து மாடிக் குடியிருப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த பத்து வீடுகளுக்கும் குறியீடு ஒன்றே.

இன்று வழித்தடத்தை வகுப்பது நிரல். சுமந்து செல்பவர் இருசக்கர வண்டியில் வரும் விநியோக ஊழியர். மஹலனோபிஸின் வர்க்கமூலத்தின் வழித்தோன்றல்கள் அவருடைய கைப்பேசியில் இயங்குகின்றன. ஊதியம் பெரும்பாலும் எண்ணிக்கையையும் தூரத்தையும் பொறுத்தே அமைவதால், வாசலைத் தேடும் நிமிடங்கள் யாருடைய செலவு என்பது தீராத வழக்காகவே இருக்கிறது. வரைபடத்தின் நீலப்புள்ளி ஒரு மதிற்சுவரின் மேல் நின்றுவிடும்போது அவர் வாடிக்கையாளரை அழைக்கிறார். மறுமுனையிலிருந்து வரும் விடையில் எண் இருப்பதில்லை. மருந்துக்கடைக்கு எதிரில், தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால், பச்சைக் கதவு.