சிரித்தபடி ஒரு திவசம்

உயில் என்றால் அதில் என்ன எழுதுவார்கள்? வீடு யாருக்கு, நகை யாருக்கு, பேங்க்கில் கிடப்பது யாருக்கு. மிஞ்சிப்போனால், அடித்துக்கொள்ளாதீர்கள் என்று கடைசியில் ஒரு வரி. சரிதானே?

1915 செப்டம்பரில் நியூயார்க்கில் ஒரு யூத அப்பா எழுதிய உயிலில் வேறு ஒரு விஷயமும் இருந்தது. தன் நினைவு நாளில் பிள்ளைகள், பேரன் பேத்திகள், நண்பர்கள் எல்லோரும் கூடி உட்கார்ந்து சிரிக்க வேண்டும்!

அந்த அப்பா, ஷோலெம் அலெய்க்கெம்.

புனைபெயர்தான். 'உங்களுக்குச் சாந்தி உண்டாகட்டும்' என்ற யூத வணக்கம் அது. நம் ஊர் முஸ்லிம்கள் சொல்லும் 'அஸ்ஸலாமு அலைக்கும்' ஞாபகம் வருகிறதா? இரண்டும் சொந்தக்கார வார்த்தைகள். நிஜப் பெயர் ஷாலமன் ரபினோவிச். 1859-ல், இன்றைய உக்ரைனில் பிறந்தவர். படித்தவர்கள் சமையற்கட்டு பாஷை என்று ஒதுக்கிய இட்டிஷ் மொழியில் எழுதி ஜனங்களைச் சிரிக்கவைத்தார்.

வாழ்க்கை அவரைச் சிரிக்கவைத்ததா என்றால், அதுதான் இல்லை.

மாமனார் வழியில் வந்த பெரிய சொத்து, 1890-ல் கீவ் பங்குச் சந்தையில் போயே போச்சு. கடனை மாமியார்தான் அடைத்தார். 1905-ல் கீவில் யூதர்களைத் தேடித் தேடி அடித்தார்கள். குடும்பத்தோடு ஊரைவிட்டே கிளம்ப வேண்டியதாயிற்று. 1908-ல் காசநோய். நாலு பெண், இரண்டு பையன். பெண்களைப் பெற்ற பால்காரர் டெவ்யேயின் கதைகளை அவர் எழுதியதில் ஆச்சரியம் என்ன? அந்த டெவ்யேதான் பிற்பாடு 'ஃபிட்லர் ஆன் தி ரூஃப்' என்ற நாடகமாக (1964), சினிமாவாக (1971) உலகம் சுற்றினார்.

1914-ல் உலக யுத்தம். குடும்பம் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. மூத்த மகன் மிஷாவுக்கும் காசநோய். அந்த நோய் இருந்தால் அமெரிக்காவுக்குள் விடமாட்டார்கள். மகனை ஐரோப்பாவிலேயே விட்டுவிட்டு வந்தார் அப்பா. அடுத்த வருஷம் மரணச் செய்தி வந்தது. செய்தி வந்த சூட்டோடு உட்கார்ந்து எழுதியதுதான் அந்த உயில்.

யோசித்துப் பாருங்கள். மகன் போன துக்கத்தில் ஒரு மனிதர் சிரிப்பைப் பற்றி எழுதுகிறார்!

என்னைப் பணக்காரர்கள் பக்கத்தில் புதைக்காதீர்கள், சாதாரண உழைப்பாளிகள் நடுவே புதையுங்கள் என்றார். அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒருத்தருக்கொருத்தர் ஒத்தாசையாக இருங்கள் என்றார். அப்பாவுக்காக மகன்கள் 'கடிஷ்' என்ற பிரார்த்தனை சொல்வது யூத வழக்கம். இஷ்டம் இருந்தால் சொல்லுங்கள். மனசு ஒப்பாவிட்டால் பரவாயில்லை, என் கதைகளில் நல்ல வேடிக்கையான கதையாக ஒன்றை, உங்களுக்குப் புரிகிற பாஷையில் உரக்கப் படியுங்கள், அது போதும் என்றார். பிள்ளைகள் எந்த நம்பிக்கைக்குப் போனாலும், எந்த மொழிக்குப் போனாலும், வருஷத்தில் ஒரு நாள் ஒரே அறையில் உட்காரவேண்டும். ஒரு தகப்பனின் கணக்கு அது.

இன்னொரு வேடிக்கை. அவருக்கு 13 என்றாலே பயம். கையெழுத்துப் பிரதியில் 12-க்கு அடுத்த பக்கம் 12-அ. காலமானது? 1916 மே 13!

இறுதி ஊர்வலத்தில் லட்சத்துக்கும் மேல் கூட்டம். உயிலை 'நியூயார்க் டைம்ஸ்' அச்சிட்டது. அமெரிக்க காங்கிரஸின் பதிவேட்டிலும் அது ஏறியது.

தாத்தா போனபோது பேத்தி பெல் காஃப்மனுக்கு வயது ஐந்து. என் கையை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறாயோ அவ்வளவு நன்றாக எழுதுவேன் என்று தாத்தா சொன்னதை அவர் மறக்கவே இல்லை. தூரத்தில் இருந்த அந்தக் குட்டிக்கு, சீக்கிரம் வளர்ந்து எனக்குக் கடிதம் எழுது, வளர்வதற்குப் பால் குடி, மிட்டாயைக் குறை என்று தாத்தா எழுதினார். பேத்தியும் வளர்ந்து, நியூயார்க்கில் டீச்சராகி, 1965-ல் ஒரு நாவல் எழுதிப் புகழ்பெற்றார். தாத்தாவுக்குக் கடிதம் எழுதத்தான் வாய்க்கவில்லை. 99 வயதில் கல்லூரியில் யூத நகைச்சுவை பற்றிப் பாடம் எடுத்தார். 2014-ல், 103 வயதில் மறையும்வரை தாத்தாவின் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

நூறு வருஷம் தாண்டியும், மே மாதத்தில் நியூயார்க்கில் அந்தக் கூட்டம் நடந்தது. முதலில் உயில். அப்புறம் கதை. அப்புறம் சிரிப்பு.

பங்குச் சந்தையில் போன சொத்து திரும்பி வரவே இல்லை. இந்தச் சொத்து கொள்ளுப்பேரன் காலத்திலும் குறையவில்லை.